பத்தங்குலக் கல்லும் ஒன்பதடிக் கம்பளமும்: ஒரு செட்டிநாட்டு அலுவலக உள்வேலையின் மதிப்பீடு

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கம்பளம் விரிப்பது, பட்டுப்புடவைக்கு மேல் இன்னொரு பட்டுப்புடவையைச் சுற்றுவது மாதிரி. வீடாக இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். வெறுந்தரையே போதும், சித்திரை வெயிலில்கூடக் கால் வைத்தால் குளுகுளுவென்றிருக்கும். அதே வீட்டில் பதினைந்து பேர் உட்கார்ந்து போன் பேசி, நாற்காலி இழுத்து, வீடியோ மீட்டிங் நடத்த ஆரம்பித்தால் கதை மாறிவிடுகிறது. வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, சிமென்ட் கல், தேக்கு மச்சு, பதினாலடி உயரம். இதில் ஒருவர் இருமினால் நடுமுற்றமான வளவைத் தாண்டி இரண்டாங்கட்டு வரைக்கும் கேட்கும்.

காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊரில், நூறு வயதை நெருங்கும் வீடொன்றைப் பழுதுபார்த்து அலுவலகமாக்கியிருக்கிறார்கள். கூரை, ஓடு, பூச்சு எல்லாம் வேறு ஆட்கள் செய்த வேலை. அது இங்கே பேச்சில்லை. தரைவிரிப்பு, சுவர்ப் பலகை, மேசை நாற்காலி, விளக்கு ஆகியவற்றை வரைந்து, வரவழைத்து, போட்டுக்கொடுத்த உள்வேலை நிறுவனத்தின் சேவையைத்தான் மதிப்பிடுகிறோம். குறைகளும் வரும் என்பதால் பெயர் வேண்டாம். இந்த வட்டாரத்தில் இதே வேலைக்கு யாரை அழைத்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவைதான்.

இந்த வீடுகளுக்கு அலுவலகம் புதிதில்லை. பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார், அங்கே கிட்டங்கி என்னும் தொழில் விடுதிகளில் தரையில் உட்கார்ந்து, முன்னால் கணக்குப்பெட்டியை வைத்துக்கொண்டே தொழில் நடத்தினார்கள். பெட்டியடிப் பையன் என்ற வேலைப் பெயரே அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். ஊரில் முகப்பிலும் அதே ஏற்பாடு. கீழே ஒரு பாயோ சமுக்காளமோ இருக்கும். வேலை முடிந்தால் சுருட்டி மூலையில் சாத்திவிடலாம். எங்கள் அளவுகோலும் அதுதான். இந்தத் தரைமேல் எது வந்தாலும், நாளைக்கே இரண்டு ஆள் சேர்ந்து சுருட்டி எடுத்தால் கீழே ஒரு தடம்கூட இருக்கக் கூடாது.

அந்த அளவுகோலில் நிறுவனம் முதல் மதிப்பெண்ணை ஆரம்பத்திலேயே வாங்கிவிட்டது. சுவரிலிருந்து சுவர்வரை கார்பெட் வேண்டாம், ஐம்பது சென்டிமீட்டர் கார்பெட் டைலும் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சென்னை அலுவலகங்களில் கார்பெட் டைல் நல்ல பொருள்; காபி கொட்டினால் ஒரு சதுரத்தை மட்டும் பிடுங்கி மாற்றலாம். இங்கே அதை ஒட்டப் பசை வேண்டும். ஆத்தங்குடிக் கல்லுக்குப் பீங்கான் டைல் மாதிரி மேலே மெருகுப் படலம் கிடையாது. கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, ஆக்சைடு கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம் என்பதால்தான் அந்த வழவழப்பு. வண்ணம் மேலே ஒரு மெல்லிய அடுக்குதான். பசை அதற்குள் இறங்கினால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும், சுரண்டினால் வண்ணமும் சேர்ந்து போகும். தார் அல்லது பிவிசி அடிப்பாகம் கொண்ட டைல்கள் பசை இல்லாமலேயே கறை விடக்கூடியவை.

ஈரமும் ஒரு காரணம். பழைய தரைகளுக்கு அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்காது. மண்ணின் ஈரம் சுண்ணாம்புக் கலவை வழியாக மேலேறி, கல்லின் வழியாகக் காற்றில் போய்விடும். அதனால்தான் நூறு வருஷம் நின்றிருக்கிறது. காற்றுப் புகாத எதையாவது மேலே போட்டு மூடினால் ஈரம் ஓரங்களுக்கு ஓடி, கல்லின் இணைப்பில் உப்புப் பூக்கும். இதைச் சோதிக்க ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் தாள் போதும். தரையில் விரித்து, நான்கு ஓரத்திலும் மணல் பை வைத்து அழுத்தி, பதினாறு மணி நேரம் விட்டுவிட வேண்டும். தூக்கிப் பார்த்தால் தாளின் அடியில் வியர்த்திருக்கிறதா, கல் கறுத்திருக்கிறதா என்று தெரியும். டேப் ஒட்டாதீர்கள். இந்தச் சோதனையைப் பங்குனியில் செய்து எல்லாம் சுகம் என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. செய்யவேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழையில். இந்த நிறுவனம் நல்ல மழைநாளில் ஆறு இடத்தில் செய்து பார்த்தது. முற்றத்தை ஒட்டிய இரண்டு இடத்தில் தாள் வியர்த்தது. அதனால் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் விரிப்பே இல்லை. எப்படியும் அங்கே சாரல் அடிக்கும், வெயிலும் விழும். கம்பளி போட்டால் நிறம் ஒரு பக்கம் வெளுக்கும், அடியில் பூசணம் பிடிக்கும்.

இனி அளவு. இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும், கொஞ்சம் எரிச்சல் தந்த பகுதியும் இதுதான்.

கம்பளக் கடைகளில் எல்லாமே அடிக்கணக்கு: ஆறுக்கு நாலு, எட்டுக்கு ஐந்து, பன்னிரண்டுக்கு ஒன்பது. இந்த வீட்டின் பெரிய கூடமான பட்டாலையின் தரை பத்தங்குலக் கல். பன்னிரண்டடி என்பது 144 அங்குலம், அதாவது பதினாலு கல்லும் கொசுறும். ஒன்பதடி என்பது 108 அங்குலம், பத்துக் கல்லும் கொசுறும். அப்படியே போட்டால் கம்பளத்தின் ஓரம் கல்லின் பூவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்களுக்கு என்ன தப்பென்று தெரியாது, ஆனால் ஏதோ கோணலாக இருக்கிறதே என்று தலையைச் சாய்ப்பார்கள். எட்டங்குலக் கல்லில் பன்னிரண்டடி சரியாகப் பதினெட்டுக் கல் வரும், ஒன்பதடி பதிமூன்றரைக் கல்லில் போய் நிற்கும். பன்னிரண்டங்குலக் கல்லில் மட்டும்தான் கடை அளவு தானாகப் பொருந்தும். ஆகவே அளவைக் கல் கணக்கில் சொல்லுங்கள், பிறகு அங்குலத்துக்கு மாற்றுங்கள்.

இங்கே பட்டாலை 36 அடிக்கு 18 அடி. இரண்டு கம்பளம், ஒவ்வொன்றும் பதினாலு கல்லுக்குப் பத்துக் கல் என்று வைத்தார்கள். 140 அங்குலத்துக்கு 100 அங்குலம். அதிலிருந்து நான்கு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் குறைத்து 136க்கு 96, அதாவது 11 அடி 4 அங்குலத்துக்கு 8 அடி. ஏன் குறைக்கவேண்டும் என்றால், கையால் செய்த கம்பளம் சொன்ன அளவில் அப்படியே வராது. நூற்றுக்கு இரண்டு மூன்று கூடலாம், குறையலாம். ஓரத்தைக் கல்லின் கோட்டிலேயே நிறுத்தினால் அரை அங்குலக் கோணலும் பல்லைக் காட்டும். கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிவிட்டால் சுற்றிலும் ஒரு வெற்றுப் பட்டை தெரியும், கண் அதை ஓரம் என்று எடுத்துக்கொள்ளும். தவிர, பழைய வீட்டில் எந்த அறையும் மூலைமட்டத்துக்கு இருக்காது. இந்தப் பட்டாலையில் ஒரு மூலைவிட்டம் 40 அடி 3 அங்குலம், மற்றது 40 அடி 6 அங்குலம். சுவரைப் பார்த்து விரித்தால் கல் கோணும், கல்லைப் பார்த்து விரித்தால் சுவர் கோணும். கல்லைத்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, பாராட்டுகிறோம்.

பிறகு அதே ஆட்கள் வடிவத்தில் கோட்டை விட்டார்கள்.

முதல் வரைபடத்தில் ஆத்தங்குடிப் பூவையே கம்பளத்தில் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அது வேண்டாம் என்றதும் இரண்டாவதாகக் கண்டாங்கிச் சேலையை எடுத்தது நல்ல யோசனை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கும் மஞ்சளும் கறுப்பும், அகலக் கரையும் கட்டமும் இந்த ஊர் ஆட்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் கட்டத்தை ஐந்தங்குலத்தில் வைத்தார்கள், கல்லில் சரிபாதி. காகிதத்தில் பார்க்க அழகு: இரண்டு கட்டத்துக்கு ஒரு கல். கையால் அடித்த கம்பளத்தில் இந்தக் கணக்கு நிற்காது. ஒரு மூலையில் கட்டத்தைக் கல்லோடு பொருத்தி வைத்தால், 136 அங்குலம் தாண்டி மறுமூலைக்குப் போகும்போது ஒன்றே முக்கால் அங்குலம் விலகிப்போயிருக்கிறது. தரையே நழுவுவது போல ஒரு மயக்கம். கட்டமே போடாமல் நடுவை ஒரே நிறமாக விட்டு, நாலங்குலக் கரையை மட்டும் கண்டாங்கியாக்கியிருந்தால் இந்த வம்பே இல்லை. கட்டம் வேண்டுமென்றால் மூன்றங்குலமோ ஏழங்குலமோ வைக்கலாம். கல்லோடு ஒத்துப்போவதாகவே நடிக்கக் கூடாது.

நிறம் தேர்ந்த விதம் சரி. நூல் அட்டையைக் காட்டி ஒப்புதல் வாங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அது ஏமாற்றும். ஒரே நூல் சுருளாக இருக்கும்போது ஒரு நிறம், வளையமாக அடித்தால் ஒரு நிறம், நுனி வெட்டினால் இன்னும் இருண்ட நிறம். வெட்டிய நுனிகளுக்குள் வெளிச்சம் புகுந்து அடங்கிவிடும். அதனால் ஓரடிக்கு ஓரடி மாதிரித் துண்டு அடித்து வரவேண்டும், அதை அந்தத் தரையிலேயே, காலை பத்து மணிக்கும் விளக்கு போட்ட பிறகும் பார்க்கவேண்டும். இங்கே முதல் துண்டின் சிவப்பு, கல்லின் சிவப்புக்குப் பக்கத்தில் குங்குமம் மாதிரி எகிறியது. கல்லில் இருப்பது இரும்பு ஆக்சைடு, செங்கல் வகைச் சிவப்பு. இரண்டாவது துண்டில் அரக்கைக் கறுப்புப் பக்கம் தள்ளியதும் அமர்ந்துவிட்டது. அதோடு 4000 கெல்வின் வெள்ளை விளக்குகளை எடுத்துவிட்டு 3000க்கு மாற்றினார்கள். வெள்ளை வெளிச்சத்தில் பர்மா தேக்கு சாம்பல் பூசியது போலிருந்தது.

பட்டாலையின் இரண்டும் டஃப்டிங் கன் கொண்டு, அதாவது துணியில் நூலைக் குத்திச் செலுத்தும் கருவியால் அடித்தவை. தலைமை அறையில் மட்டும் கைமுடிச்சுக் கம்பளம். எல்லாம் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி பக்கத்திலிருந்து வந்தவை. இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கொடுப்பவர்கள் நிறைய. கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் துணி ஒட்டியிருந்தால் டஃப்டிங். முன்பக்கத்து வடிவம் பின்பக்கத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் கைமுடிச்சு. குஞ்சத்தையும் இழுத்துப் பார்க்கலாம்: கைமுடிச்சில் அது பாவு நூலின் நீட்சி, டஃப்டிங்கில் தனியாகத் தைத்தது. முடிச்சின் அடர்த்தி அறிய, பின்பக்கம் ஒரு அங்குலத்தில் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்கவும். கண்டாங்கி போன்ற நேர்க்கோட்டு வடிவத்துக்குச் சதுர அங்குலத்துக்கு அறுபது எழுபது முடிச்சு தாராளம். நூற்றைம்பது என்று ஆசை காட்டினால் அந்தக் கூடுதல் பணம் கண்ணில் தெரியாது.

டஃப்டிங் கம்பளத்தில் நூலைப் பிடித்துக்கொண்டிருப்பது முடிச்சு அல்ல, பின்னால் பூசிய லேட்டக்ஸ் என்ற ரப்பர்ப் பசை. செட்டிநாட்டு வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து பொடியாகும். கம்பளத்தைத் தூக்கும்போது அடியில் மஞ்சள் மாவு உதிர்ந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது என்று அர்த்தம். பத்து வருஷம் ஓடினால் சந்தோஷப்படலாம். கைமுடிச்சு தலைமுறை தாண்டும். பட்டாலைக்கு டஃப்டிங் போதும் என்று நிறுவனம் சொன்னதை ஏற்கிறோம், ஆனால் ஆயுளைச் சொல்லாமல் விட்டதை ஏற்கவில்லை. புதிதில் இரண்டு மூன்று மாதம் பஞ்சு உதிரும், அது குறையல்ல. நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிடித்து இழுக்காமல் கத்தரியால் நறுக்கவும்.

மிகப் பெரிய தவறு அண்டர்லே, அதாவது கம்பளத்துக்கு அடியில் போடும் விரிப்பு. கம்பளம் வழுக்காமல் இருக்க ரப்பர் பூசிய அண்டர்லேயைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்து வாரம் கழித்துத் தூக்கியபோது, வெளிர் மஞ்சள் கல் பதினெட்டில் தேநீர் நிறத்தில் வலைவலையாக ஒரு தடம். ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் கல்லில் இறங்கியிருக்கிறது. வெந்நீர், சோப்பு, தேங்காய் எண்ணெய் எதற்கும் முழுசாகப் போகவில்லை. ஆசிட் பக்கம் போகவே கூடாது, சிமென்டைத் தின்றுவிடும். இப்போது ரப்பரும் பிவிசியும் இல்லாத, அழுத்திய கம்பளி ஃபெல்ட், நாலு மில்லிமீட்டர் தடிமனில் போட்டிருக்கிறார்கள், தங்கள் செலவிலேயே. அது காற்றையும் விடும். வழுக்கலுக்குக் கம்பளத்தின் எடையே போதும்; ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கிறது, மேலே மேசையும் நிற்கிறது. எந்த அண்டர்லே ஆனாலும் ஓரடித் துண்டை வெளிர்நிறக் கல்லில் வைத்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்து ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். பதினெட்டுக் கல்லைப் பிடுங்கி மாற்றலாமே என்று நிறுவனம் கேட்டது. பக்கத்தில் ஆத்தங்குடியிலேயே புதுக் கல் கிடைக்கும்தான், ஆனால் எண்பது தொண்ணூறு வருஷம் பாதம் பட்டுத் தேய்ந்த மஞ்சளும் போன மாதம் அச்சிலிருந்து எடுத்த மஞ்சளும் ஒட்டாது. தடத்தோடு விட்டுவைத்ததே சரி.

வளவைச் சுற்றிய ஐந்து சின்ன அறைகளில் பவானி சமுக்காளம். ஆறுக்கு நாலு, அறைக்கு ஒன்று. இந்த வேலையிலேயே செலவு குறைந்ததும், குற்றம் சொல்ல இடமில்லாததும் இதுதான். லேட்டக்ஸ் இல்லை, உதறி வெயிலில் போடலாம், இரண்டு பக்கமும் திருப்பிப் போடலாம். பட்டை பட்டையாக வரும் நெசவு என்பதால் பூ வேலைப்பாட்டை அதில் எதிர்பார்க்க வேண்டாம். பூப்போட்ட தரையின் மேல் அது வசதிதான். சாயம் போகுமா என்று பார்க்க, வெள்ளை வேட்டித் துணியை நனைத்து இருபது தடவை அழுத்தித் தேய்க்கவும். சிவப்பில் ஒன்று இங்கே சாயம் விட்டது, திருப்பிக் கொடுத்து மாற்றினார்கள். ஈரத் தரையில் அப்படியொன்றை விரித்திருந்தால் அந்த அறையின் கல்லுக்கு நிரந்தரமாக ஒரு ரோஜா நிறம் வந்திருக்கும்.

நாற்காலி விஷயத்தில் யோசிக்கவே இல்லை. சக்கர நாற்காலியைச் சமுக்காளத்தின் மேல் விட்டால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்று வாரத்தில் விரிப்பு சுருண்டு மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது, ஒரு ஓரம் பிரிந்துவிட்டது. கடினமான நைலான் சக்கரம் கம்பளத்துக்கானது, கல்லைக் கீறும். மிருதுவான பாலியூரித்தேன் சக்கரம் கல்லுக்கானது, கம்பளத்தில் உருளாமல் இழுக்கும். ஒரே நாற்காலி இரண்டிலும் ஓடவேண்டும் என்றால் இரண்டுக்கும் கெடுதல். விரிப்பு உள்ள இடத்தில் நாலுகால் நாற்காலி, காலடியில் ஃபெல்ட் வட்டு. சக்கரம் வேண்டுமென்பவருக்கு வெறுந்தரையும் மிருதுச் சக்கரமும். இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு அறைகளில் தாழ்வான கணக்குப்பெட்டி மேசையும் திண்டும் போட்டு, கீழே உட்கார்ந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறார்கள். முட்டிவலி இல்லாதவர்களுக்கு அந்த அறைதான் முதலில் நிரம்புகிறது.

எதிரொலிக்கு வருவோம், கம்பளம் வாங்கப் பெரும்பாலோர் சொல்லும் காரணமே அதுதானே. கணக்கு இப்படி: அறையின் கன மீட்டரை 0.161 ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை விநாடி என்று வரும். பட்டாலை 257 கன மீட்டர். வெறும் கல், சுண்ணாம்பு, தேக்கு மச்சு மூன்றும் சேர்ந்து உறிஞ்சுவது சுமார் 11.5 சதுர மீட்டருக்குச் சமம். கதவைச் சாத்தினால் 3.6 விநாடி. கோயில் மண்டபம் மாதிரி. இரண்டு கம்பளமும் விரித்தபின் 2.6. பத்துப் பேர் உட்கார்ந்தால் 2.0. மீட்டிங் அறைக்கு ஒரு விநாடியை ஒட்டி இருந்தால்தான் போனில் எதிர்முனைக்காரருக்கு வார்த்தை பிரிந்து கேட்கும். கம்பளம் மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது கீச்சுக் குரலை அடக்கும், கனத்த குரலை விட்டுவிடும்.

மீதியை முடித்தது சுவர்ப் பலகைகள். நாலுக்கு இரண்டடியில் இருபது சட்டம், மொத்தம் 160 சதுர அடி. உள்ளே இரண்டங்குலம் ராக்வூல் என்ற பாறையிழைப் பஞ்சு, மேலே பாதிக்குச் செட்டிநாட்டுப் பருத்திக் கட்டம், பாதிக்குப் பத்தமடைப் பாய். ஒலி 1.3 விநாடிக்கு இறங்கிவிட்டது. பாயைச் சுவரில் ஏற்றியது அருமையான யோசனை. தாமிரபரணிக் கோரையை அவ்வளவு நயமாகப் பின்னிய பொருளை மிதிக்க மனம் வராது, இடைவெளிகள் வழியாக ஒலியும் உள்ளே போகும். ஒரு எச்சரிக்கை: சட்டத்தில் இழுத்து மடித்த இடத்தில் கோரை ஒடிகிறது. மடிப்பதற்குமுன் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு இளக்கவேண்டும், அல்லது ஓரத்தில் துணி வைத்துத் தைத்துவிட வேண்டும். இங்கே நாலு பலகையில் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், மூலைகள் பிளந்து நிற்கின்றன.

பலகைகளைச் சுவரில் துளையிடாமல் மாட்டியதற்குத் தனியாக ஒரு சபாஷ். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்த்த பூச்சில் ட்ரில் வைத்தால் துளையோடு நிற்காது, சுற்றி ஒரு கையளவு பொரிந்து விழும். மச்சு உத்திரத்திலிருந்து பித்தளைக் கொக்கியும் கம்பியும் விட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுவருக்கும் பலகைக்கும் ஒன்றரை அங்குலம் இடைவெளி. பூச்சும் மூச்சுவிடும், கனத்த ஒலியும் கொஞ்சம் கூடுதலாக அடங்கும்.

மின்வேலை பரவாயில்லை ரகம். உத்திரத்தை ஒட்டிக் குழாய் ஓட்டி, மேசைக்கு மேலிருந்து இறக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் எக்ஸ்டென்ஷன் வயரைக் கம்பளத்துக்கு அடியில் நுழைத்திருந்தார்கள். இது எந்த ஊரிலும் கூடாது: மிதிபட்டு உறை கிழியும், சூடு வெளியேற வழியில்லை. சொன்ன அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

பழைய மேசை, பெட்டி, தொங்குவிளக்கு எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பொறுக்கியவை. தேர்வு நன்று. அங்கே தூண், நிலைக்கதவு வாங்குவதை மட்டும் நாங்கள் ஆதரிப்பதில்லை. ஒரு வீட்டை அழகாக்க இன்னொரு வீடு இடிபட்டிருக்கும்.

வாசலில் தென்னைநார் மிதியடியை முதலில் கல்தரையிலேயே போட்டிருந்தார்கள். நனைந்தால் நாரின் பழுப்பு கல்லில் இறங்கும். இப்போது திண்ணைக்குக் கீழே கருங்கல் படியில் கிடக்கிறது, செருப்பும் அங்கேயே. இந்த ஊர்ச் செம்மண் தூள் கம்பளத்தின் வேருக்குள் போனால் உப்புத்தாள் மாதிரி நூலை அறுக்கும். வெறுங்காலோடு நடக்கும் நம் வழக்கம் ஒன்றே கம்பளத்தின் ஆயுளைக் கூட்டிவிடும்.

பராமரிப்புக்கு ஒரு பக்கக் குறிப்பு தந்திருக்கிறார்கள், அதில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. ஆத்தங்குடித் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது இங்கே வழக்கம். கம்பளத்துக்கு அடியிலும் ஓரத்திலும் அப்படித் துடைத்தால், ஃபெல்ட் அந்த எண்ணெயை உறிஞ்சித் தூசியைப் பிடித்து ஓரம் முழுக்கக் கறுப்பாகும். விரிப்பு உள்ள இடத்தில் வெறும் தண்ணீரில் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, பிறகு விரிக்கவும். வாரம் இரண்டு முறை வாக்குவம் கிளீனர், உருளும் தூரிகை இல்லாத முனையோடு. மாதம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கி அடியில் பூச்சியும் கரையான் மண்ணும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; வேப்பிலை வைத்தாயிற்று என்று சும்மா இருக்க வேண்டாம், கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியை விரட்டுவது வெயிலும் தூரிகையும்தான். அடைமழைக் காலத்தில் சுருட்டி வைப்பதென்றால் மடிக்காமல், நாலங்குலப் பிவிசி குழாயில் பருத்தித் துணி சுற்றி அதன்மேல் உருட்டுங்கள். மேலே பாலித்தீன் கூடாது, பழைய வேட்டி போதும்.

பில்லில் ஒரு சங்கடம். பட்டாலைக் கம்பளத்துக்குச் சதுர அடி 450 ரூபாய் என்று பேச்சு. இரண்டும் சேர்த்து 181 சதுர அடி, 81,450 ரூபாய் வரவேண்டும். வந்த பில் 97,200. பன்னிரண்டுக்கு ஒன்பது என்ற கடை அளவுக்குப் போட்டுவிட்டார்கள், அடுத்த பெரிய அளவுக்குத்தான் கணக்கு என்று பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததாம். கல் கணக்கில் அளவு சொல்கிறவர்கள் "முடிந்த அளவுக்கே விலை" என்று ஆர்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு வாரம் என்றது பதினோரு வாரமாயிற்று; மூன்று வாரத்தை முதல் மாதிரித் துண்டு தின்றது, அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

கேட்காமலேயே அவர்கள் செய்த ஒன்று இருக்கிறது. கம்பளத்தோடு, அரக்கு, மஞ்சள், கறுப்பு மூன்றிலும் அதே சாயத் தொட்டியில் நனைத்த நூல் இருநூறு கிராம் வீதம் கட்டித் தந்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் சாய எண்ணும் தேதியும் எழுதிய சீட்டோடு. எலி கடித்தாலோ சிகரெட் பொத்தலிட்டாலோ ஐந்து வருஷம் கழித்து அந்த நிறத்தை வேறெங்கும் பிடிக்க முடியாது. மூன்று கட்டும் இப்போது முகப்பில் உள்ள பழைய கணக்குப்பெட்டியின் இடதுபக்க அறையில், பேனாக்களுக்குக் கீழே கிடக்கின்றன.